பஸ்டல்: கையில் ஒட்டும், தாளில் ஒட்டாது

போன செமெஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது, கொழும்பிலிருந்து வந்த சிநேகிதி ஒருத்தியிடம் சொல்லி மென் பஸ்டல் பெட்டி ஒன்று வாங்குவித்தேன். 24 நிறம். விலையை வீட்டில் சரியாகச் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. பஸ்டல் எண்டா எனக்குப் பள்ளிக்கூடத்துச் சாமான்தான் ஞாபகம்: மெழுகு மாதிரி, அழுத்தினால் உடைகிற, வெயிலில் வைத்தால் பிசுபிசுக்கிற கட்டி. இதுவும் அதேதான், கொஞ்சம் உயர்ந்த ரகம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் பஞ்சுக்கு நடுவில் வெண்கட்டித் துண்டுகள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கின்றன. தொட்டவுடனே விரல் நீலம்.

குசினியில் இருந்த பழைய அலுமினியக் கேத்திலை மேசையில் வைத்து, பிரிண்ட் எடுத்த ஏ4 தாளின் பின்பக்கத்தில் வரைய வெளிக்கிட்டேன். முதல் அடுக்கு பிடித்தது. இரண்டாவது அடுக்கு வழுக்கியது. மூன்றாவது அடுக்கு போட்டபோது முதலாவதும் சேர்ந்து உதிர்ந்து மடியில் விழுந்தது. மூக்கு, சட்டைக் கை, அம்மாவின் மேசை விரிப்பு எல்லாவற்றிலும் கேத்தில் இருந்தது, தாளில் மட்டும் அரைவாசிதான். அடுத்தநாள் காலையில் தாளைத் தூக்கினேன், மிச்சமும் தூளாகக் கொட்டியது.

சித்தப்பா பார்த்துவிட்டுச் சொன்னார், “உது சும்மா ஹொபி தானே பிள்ளை. காசைக் கரியாக்காம படிப்பைப் பார்.” அவர் குணத்துக்கு அது அன்பான பேச்சுத்தான். ஆனால் “சும்மா ஹொபி” என்ற சொல் எனக்குள் எங்கேயோ கிடந்து குத்தியது. கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது. தாளில் ஒட்டாத ஒரு நிறத்தை, நல்ல எண்ணெய் வர்ணமும் நீர்வர்ணமும் இருக்கிற உலகத்தில், எந்த மனுசன் வேலை மினக்கெட்டுக் கண்டுபிடித்தான்? வரலாறு ஒரு பாடமாகச் செய்கிறேன் என்ற தைரியத்தில் தேடத் தொடங்கினேன். தேடத் தேட, இந்தக் கட்டியைக் கையில் எடுத்தவர்களில் நிறையப் பேர் ஓவியத்தின் பெரிய வாசலால் போக முடியாதவர்களாகவே இருந்தார்கள். பெண்கள், கண் பழுதானவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாரும் அப்படியல்ல, ஆனால் கணக்கில் எடுக்கவேண்டிய அளவுக்கு.

முதலில் சாமானைப் பார்ப்போம். எண்ணெய் வர்ணத்தில் நிறத்தூளைப் பிடித்து வைத்திருப்பது எண்ணெய். நீர்வர்ணத்தில் பிசின். மென் பஸ்டலில் நிறத்தூளோடு வெண்கட்டிக்குரிய சுண்ணத்தூளோ அதுபோல வேறு வெள்ளைத் தூளோ சேர்த்து, மிக மிகக் கொஞ்சம் பிசின் விட்டுக் குழைத்து, உருட்டிக் காயவைக்கிறார்கள். குழைத்த மா என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்துதான் பஸ்டல் என்ற பெயரே வந்தது. பிசின் கூடினால் கட்டி கல்லாகிவிடும், நிறம் தாளில் இறங்காது. குறைந்தால் கையிலேயே பொடியும். அந்த இடைவெளிக்குள்தான் முழு வித்தையும். பிசின் பெயருக்குத்தான் இருப்பதால் தாளில் விழுவது கிட்டத்தட்ட வெறும் நிறத்தூள். எண்ணெயின் மினுக்கமோ வார்னிஷின் மஞ்சளோ கிடையாது. வெளிச்சம் நேரே தூளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. 250, 300 வருடத்துக்கு முந்தின பஸ்டல் முகங்கள் நேற்றுத்தான் வரைந்தவைபோல இருப்பதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் உரசினால் அந்த முகம் சட்டைக் கைக்கு வந்துவிடுவதற்கும் இதேதான் காரணம்.

நான் விட்ட பிழையும் இதற்குள்தான் இருந்தது. தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின் அல்ல, தாளின் சொரசொரப்பு. வழவழப்பான ஏ4 தாளுக்குப் பல்லே இல்லை, எதைக் கடித்து வைத்திருக்கும்? அந்தக் காலத்து ஆட்கள் நீலக் கடதாசியிலும், தோலைச் சுரண்டிப் பதப்படுத்திய தாளிலும் வரைந்திருக்கிறார்கள்.

தொடக்கம் யார் என்று கேட்டால் வழக்கம்போல லியனார்டோ டா வின்சியின் பெயர் வரும். 1499 இல் பிரெஞ்சு அரசன் பன்னிரண்டாம் லூயியின் படை மிலானுக்குள் நுழைந்தபோது, ஜோன் பெரெயால் என்ற பிரெஞ்சு ஓவியரும் கூட வந்திருந்தார். உலர்ந்த நிறத்தால் தீட்டும் முறையை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று லியனார்டோ தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தை ஒட்டி அவர் வரைந்த இசபெல்லா டெஸ்டேயின் உருவப்படம் இன்று பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. கறுப்பும் சிவப்பும் கட்டிகளால் வரைந்து, சட்டைக் கழுத்தில் கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான். பஸ்டலுக்கு அதில் உப்புப் போடுகிற அளவு வேலைதான் இருந்தது. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இருநூறு வருடம் பஸ்டல் பெரும்பாலும் கோட்டோவியத்துக்குப் பக்கத்துணையாகவே கிடந்தது.

அதைத் தனி ஓவியமாக ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனவர் ஒரு பெண். ரொசால்பா கரியேரா, 1673 இல் வெனிஸில் பிறந்தவர். தகப்பன் ஒரு எழுதுவினைஞர், தாய் லேஸ் பின்னுகிறவர். மூன்று பெண்பிள்ளைகள். பெரிய ஓவியருடைய பட்டறையில் பிறந்த பிள்ளை அல்ல. அந்தக் காலத்தில் பெண் ஓவியராக வருவதற்கு இருந்த வழமையான வழி அதுதான்: தகப்பன் ஓவியராக இருக்கவேண்டும். ஆடையில்லாத மனித உடலைப் பார்த்து வரையும் வகுப்புகளுக்குப் பெண்களை விடமாட்டார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் வேதக் கதைகளையும் போர்க்களங்களையும் பெரிய துணியில் தீட்டமுடியாது. அப்படித் தீட்டமுடியாதவர் முதல் வரிசை ஓவியர் இல்லை. எவ்வளவு வசதியான வட்டம் பாருங்கள்.

கரியேரா முதலில் மூக்குத்தூள் டப்பிகளின் மூடிக்குச் சின்னச் சின்னப் படம் வரைந்தார். யானைத் தந்தத் தகட்டில், உள்ளங்கைக்குள் அடங்குகிற முகங்கள். 1705 இல் ரோமின் சென். லூக்கா கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டதும் அப்படியொரு சின்னப் படத்துக்காகத்தான். பிறகு பஸ்டலுக்கு வந்தார். வெனிஸுக்கு ஊர் பார்க்க வந்த பிரபுக்கள் வரிசையில் நின்றார்கள். ஏன் என்று யோசித்தால் விளங்கும். எண்ணெய் வர்ணம் என்றால் ஒரு அடுக்குக் காயும்வரை நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும். பஸ்டலுக்குக் காயவேண்டியது ஒன்றுமே இல்லை. பாதியில் நிறுத்தலாம், நாளைக்குத் தொடரலாம். எண்ணெய் மணம் இல்லை, துணி நீட்டுகிற சட்டம் இல்லை, வேலைக்காரப் பெடியன் இல்லை. ஒரு பெட்டி, ஒரு தாள், ஒரு யன்னல். வீட்டிலிருந்து வேலை செய்யவேண்டிய ஒரு பெண்ணுக்கு அது போதும்.

அவருடைய கையில் ஒரு விசேஷம் இருந்தது. சட்டைக் கழுத்து லேஸை இழை இழையாக வரையமாட்டார். வெள்ளைக் கட்டியைப் படுக்கவைத்து, கீழே உள்ள நிறத்துக்கு மேலால் மெல்ல இழுத்துவிடுவார். தாளின் மேடுகளில் மட்டும் வெள்ளை பிடிக்கும், பள்ளங்களில் பிடிக்காது. தள்ளி நின்று பார்த்தால் லேஸ். தாய் பின்னினதை மகள் ஒரு இழுப்பில் போட்டிருக்கிறாள். நான் இதை வாசித்த அன்றைக்கே கேத்தில் பக்கம் திரும்ப ஓடிப்போய் அதன் வயிற்று மினுக்கத்துக்குச் செய்து பார்த்தேன். அரைவாசி வந்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

1720 இல் பாரிஸின் பெரும் பணக்காரச் சேகரிப்பாளர் பியேர் குரோசா அழைத்து, தாயோடும் சகோதரிகளோடும் பாரிஸ் போனார். பத்து வயதுச் சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயியை வரைந்தார். அந்த வருடமே பிரெஞ்சு அரச கலைக்கழகம் அவரை உறுப்பினராக எடுத்தது. வெளிநாட்டுக்காரி, பெண், அதுவும் பஸ்டல்காரி. கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டிய ஓவியத்தை அவர் வெனிஸுக்குத் திரும்பிப் போய்த்தான் வரைந்து அனுப்பினார். அந்தக் காலத்துப் பாதையில், வண்டியில், தூளால் ஆன ஒரு படம் பாரிஸ் வரைக்கும் போயிருக்கிறது! சக்சனி நாட்டு மன்னர் மூன்றாம் ஔகுஸ்துஸ் அவருடைய பஸ்டல்களை 150க்கு மேல் வாங்கிக் குவித்து டிரெஸ்டனில் ஒரு அறையையே நிரப்பினார். இவற்றில் எனக்குப் பிடித்தது ராஜாக்களின் முகங்கள் இல்லை. தன்னையே பனிக்காலமாக வரைந்த படம் ஒன்று டிரெஸ்டனில் இருக்கிறது. வெள்ளை உரோம மேலாடை, நடுத்தர வயது, கொஞ்சம் பெரிய மூக்கு. மற்றவர்களுக்கு மெருகு போட்டுக் கொடுத்தவர் தனக்குப் போடவில்லை.

கண்தான் அவரைக் கைவிட்டது. 1740களின் கடைசியில் பார்வை மங்கத் தொடங்கியது. கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை, அந்தக் காலத்து முறையில். சரிவரவில்லை. கடைசி வருடங்களில் ஒன்றுமே தெரியாமல் இருந்து 1757 இல் இறந்தார்.

அவர் விட்டுப்போன பாரிஸில் பஸ்டல் பெரும் மோகமாகியது. அதற்கு ஓவியர்கள் மட்டும் காரணமில்லை, கண்ணாடித் தொழிற்சாலையும் காரணம் என்பது நான் எதிர்பார்க்காத செய்தி. பஸ்டலை மூடாமல் சுவரில் தொங்கவிட ஏலாது. மூடுவதற்குக் கண்ணாடி வேண்டும். ஊதிச் செய்கிற கண்ணாடியைப் பெரிதாகவும் தட்டையாகவும் எடுப்பது கஷ்டம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் உருக்கிய கண்ணாடியை மேசையில் ஊற்றிப் பெரிய தகடாக்கும் முறை வந்தது. கண்ணாடி பெருக்கப் பெருக்கப் பஸ்டலும் பெருத்தது. மொரிஸ் கான்தன் டு லா தூர் என்பவர் 1741 இல் காட்சிக்கு வைத்த ஒரு நீதிபதியின் உருவப்படம் இரண்டு மீற்றர் உயரம். அதற்குப் போட்ட கண்ணாடியே அந்தக் காலத்தில் ஒரு சொத்து. ஊதினால் பறக்கிற சாமானில் இப்படியொரு சவால்! 1755 இல் அரசனின் காதலி மதாம் டு பொம்படூரை வரைந்ததும் அவர்தான், பல தாள்களைச் சேர்த்து ஒட்டி, கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு. லா தூருக்கு ஒரு வருத்தம் இருந்தது: எதையும் முடிக்கமாட்டார். பல வருடத்துக்கு முதல் கலைக்கழகத்துக்குக் கொடுத்த படத்தைத் திரும்ப எடுத்துத் திருத்தப்போய்க் கெடுத்துவிட்டார். பஸ்டல் அப்படி ஆட்களுக்கு நல்லதில்லை. எப்போதும் திறந்தே இருக்கிற கதவு அது, காய்ந்து மூடிக்கொள்ளாது.

இதற்கிடையில் ஒட்டவைக்கும் மருந்துக்கும் அலைந்தார்கள். 1753 இல் லொரியோ என்பவர் தன்னுடைய முறையைப் பாரிஸ் கலைக்கழகத்துக்குச் செய்து காட்டினார், ஆனால் செய்முறையை வெளியிட 1780 வரை இழுத்தடித்தார். இன்றைக்கும் ஸ்பிரே டப்பாக்கள் உண்டு. அடித்தால் தூள் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் நிறம் நனைந்த மண் மாதிரி இருண்டுபோகும். கூட அடித்தால் பஸ்டலின் உயிரே போய்விடும்.

சித்தப்பாவின் “சும்மா ஹொபி”க்கு வயது என்ன என்றும் இங்கேதான் பிடிபட்டது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பஸ்டல் கட்டிகளை ஆயத்தமாகச் செய்து பெட்டியில் விற்கத் தொடங்கிவிட்டார்கள். லோசானில் இருந்த ஸ்தூபான் என்பவரின் கட்டிகளுக்குப் பெரும் பெயர். ஜெனீவாக்காரரான லியோட்டார், அதுதான் சொக்லேட் தட்டோடு நிற்கிற வேலைக்காரப் பெண்ணை வரைந்தவர், அவற்றைத்தான் சிபாரிசு செய்தார். இங்கிலாந்தில் ஜோன் ரசல் 1772 இல் பஸ்டலுக்கு ஒரு கைநூலே எழுதினார். இனிப் பட்டறையில் ஏழு வருடம் நிறம் அரைக்கத் தேவையில்லை. வசதியான வீட்டுப் பெண்கள், பொழுதுபோக்குக்காரர்கள், எல்லாரும் பெட்டியைத் திறந்தார்கள். அப்படித் திறந்த உடனேயே, உது லேசான வேலை, பொம்பிளையளின் வேலை என்ற கதையும் தொடங்கிவிட்டது. முகத்துக்குப் பூசுகிற மாவும் ரூஜும் பஸ்டலும் ஒரே மாதிரித் தூள்தானே என்ற நக்கல் வேறு. பூசினவர்கள் ஆண்களும்தான், அரண்மனையில் மா பூசாத பிரபு யார்? ஆனால் நக்கல் மட்டும் ஒரு பக்கத்துக்குப் போனது.

1770 இல் பிரெஞ்சுக் கலைக்கழகம், பெண்கள் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று எண்ணிக்கை கட்டியது. அந்த வருடம் உள்ளே போன மரி சுசான் ஜிரூஸ்த் பஸ்டல்காரர். இரண்டே வருடத்தில் புற்றுநோயில் இறந்துவிட்டார். லா தூரிடம் பஸ்டல் படித்த அடெலாயிட் லபீல் கியார்ட் 1783 இல் சேர்ந்தார். இவருடைய கதை கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். இவரின் படங்களை உண்மையில் ஒரு ஆண்தான் தீட்டிக் கொடுக்கிறான் என்று ஊர் கதைத்தது. அவர் கோபப்பட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல், கலைக்கழக உறுப்பினர்களையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எதிரே இருத்திப் பஸ்டலில் வரைந்தார். தன் முகம் தாளில் வருவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவன் பிறகு எந்த வாயால் கதைப்பான்? வாக்கும் கிடைத்தது.

ஷார்டான் விஷயம் வேறு. அவர் ஏற்கெனவே பெரிய ஆள். 1699 இல் பிறந்தவர், வாழ்நாள் முழுக்க எண்ணெய் வர்ணத்தில் செம்புப் பானை, வெங்காயம், தண்ணீர்க் குவளை, முயல் என்று குசினியை வரைந்தவர். (என் கேத்திலை அவர் பார்த்திருந்தால் விடமாட்டார்.) எழுபதை எட்டும்போது கண் கெட்டது. எண்ணெய் வர்ணத்தின் ஈயமும் எண்ணெயும்தான் காரணம் என்று சொல்வார்கள். தூரிகையை வைத்துவிட்டுப் பஸ்டலை எடுத்தார். 1771 இல் மூக்குக்கண்ணாடியோடு தன்னை வரைந்தார், 1775 இல் நெற்றியில் பச்சை வெயில்மறைப்புக் கட்டி இன்னொன்று. இரண்டும் லூவ்ரில். தலையில் வீட்டுத் துணி, கழுத்தில் சால்வை, கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்க்கிற பார்வை. சளி பிடித்த தாத்தா ஒருவர் கதவைத் திறந்து “ஆரது?” என்று கேட்கிற மாதிரி. கிட்டப்போய்ப் பார்த்தால் கன்னத்தில் பச்சையும் நீலமும் சிவப்பும் தனித்தனிக் கோடுகளாக நிற்கின்றனவாம். நான் பார்த்தது திரையில்தான், பெரிதாக்கிப் பெரிதாக்கி. கண் தெரியாத மனுசன் கலக்காமல் விட்ட நிறங்களைக் கலக்கிற வேலையை எங்கள் கண் செய்கிறது.

மேலே சொன்ன ரசலை அப்படியே விட்டுவிட்டுப் போக மனமில்லை. அவர் உருவப்படம் வரைந்து சம்பாதித்தார், இரவில் தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்தார். பல வருடம் பார்த்துப் பார்த்துக் குறிப்பெடுத்து, 1790களில் சந்திரனை ஒரு பெரிய பஸ்டலாக வரைந்தார். பள்ளங்கள், மேடுகள், நிழல் விளிம்பு எல்லாம். சந்திரனும் தூள்தான் என்று அந்த ஆளுக்கு அப்போது தெரிந்திருக்காது.

பிரெஞ்சுப் புரட்சியோடு பஸ்டல் விழுந்தது. பிரபுக்களின் முகமும் அவர்களின் மாப்பூச்சும் போனபோது அந்த முகங்களை வரைந்த சாமானும் கூடப் போயிற்று. இனி ரோமர்களும் வாள்களும்தான், எண்ணெயில்.

திரும்பி வந்தது 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில். டெகாவைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஏன் அவர் பஸ்டலுக்கு வந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வது குறைவு. 1874 இல் தகப்பன் இறந்தார், குடும்பத்து வங்கி கடனில் கிடந்தது, தம்பி வேறு கடன் வைத்திருந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை முதல்தடவையாகப் படம் விற்றுச் சாப்பிடவேண்டி வந்தது. பஸ்டல் கெதியாக முடியும், கெதியாக விற்கும். அதோடு அவருக்கும் கண் பிரச்சினை, வெளிச்சம் கூசும். பிறகு அந்த அவசரத்துக்குள்ளேயே அவர் செய்த வேலைகளைப் பாருங்கள்: அச்சிட்ட படத்துக்கு மேல் பஸ்டல், நீராவி பிடித்துத் தூளைக் களியாக்கித் தூரிகையால் இழுத்தல், ஒட்டுமருந்து அடித்து அதற்கு மேல் இன்னொரு அடுக்கு, திரும்ப மருந்து, திரும்ப அடுக்கு. 1886 இல் காட்சிக்கு வைத்த குளிக்கும் பெண்களின் படங்களில் தோல் ஒரே நிறமாக இல்லை, அடுக்கடுக்காக உரித்தால் இன்னும் நிறம் வரும்போல இருக்கிறது. அவருடைய பஸ்டல்களைப் பார்த்துப் பாதை மாறினவர் அமெரிக்காவிலிருந்து பாரிஸுக்கு வந்த மேரி கசாட். தாயும் பிள்ளையும் வரைந்து பெயரெடுத்தவர். 1914 அளவில் கண்புரை அவரையும் நிறுத்தியது. கரியேரா, ஷார்டான், டெகா, கசாட். நாலு பேருக்கும் கண். இதில் விதி கிதி என்று ஒன்றும் நான் தேடவில்லை, வயது போனால் எல்லாருக்கும் கண் போகும். ஆனால் பார்வை மங்கும்போது, குச்சி முனையில் தூரிகை பிடிப்பதைவிட, விரலுக்கும் தாளுக்கும் இடையில் வேறொன்றும் இல்லாத ஒரு சாமான் வசதி என்பது கையில் பிடித்துப் பார்த்தவருக்கு விளங்கும்.

இந்த ஆட்களுக்குக் கட்டி செய்து கொடுத்த கடை இன்னும் பாரிஸில் இருக்கிறது. தங்கள் தொடக்கம் 1720 என்று அவர்கள் சொல்கிறார்கள், கரியேரா பாரிஸ் வந்த அதே வருடம். 1878 இல் ஹென்றி ரொஷே என்ற மருந்தாளர் அதைப் பொறுப்பெடுத்தார். டெகாவும் அங்கேதான் வாங்கினார். பின்பு அந்தக் குடும்பத்துச் சகோதரிகள் மூன்று பேர் வயதாகும்வரை நடத்தினார்கள். 2000 இல் இசபெல் ரொஷே என்ற பொறியியலாளர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து எடுத்தார். இன்னும் கையால்தான் உருட்டுகிறார்கள். ஒரு கட்டியின் விலைக்கு என் முழுப்பெட்டியும் வாங்கலாம்போல.

அப்படியென்றால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பஸ்டல் எங்கிருந்து வந்தது? அது வேறு ஊர்க் கதை. ஜப்பானில் யமமோட்டோ கனாயே என்ற ஓவியர், ரஷ்யாவில் பிள்ளைகள் வரைந்த படங்களின் கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அப்போது ஜப்பானியப் பாடசாலைகளில் சித்திரம் என்றால் புத்தகத்தில் உள்ள மாதிரியைப் பார்த்து அப்படியே வரைவது. (சிரிக்கவேண்டாம், நாங்களும் சூரியன், இரண்டு மலை, நடுவில் ஆறு, ஒரு தென்னைமரம் என்றுதானே வளர்ந்தோம்.) பிள்ளைகள் தாங்கள் கண்டதை வரையவேண்டும் என்று 1919 இல் அவர் ஒரு இயக்கமே தொடங்கினார். அதற்குப் பிள்ளைகளின் கைக்கு ஏற்ற சாமான் தேவைப்பட்டது. மெழுகுக் கிரேயோன் நிறம் காணாது, மென் பஸ்டல் உதிர்ந்துபோகும். 1925 இல் சகுரா நிறுவனம் நிறத்தூளை எண்ணெயோடும் மெழுகோடும் சேர்த்து ஒரு கட்டியைச் செய்து கிரேயோன், பஸ்டல் இரண்டின் பெயரையும் ஒட்டி க்ரேபாஸ் என்று விற்றது. எண்ணெய்ப் பஸ்டல் பிறந்தது அப்படித்தான். ஐரோப்பியப் பெரிய ஓவியர்களுக்கு அது பிறகுதான் போனது. 1949 இல் பிக்காசோவுக்காகச் செனெலியே நிறுவனம் செய்துகொடுத்தது. ஆக, ஆண்டு மூன்றில் நான் உடைத்து உடைத்துச் சூரியன் போட்ட அந்தப் பிசுபிசுத்த கட்டி, பிள்ளைகளுக்காகவே செய்து, பிறகு பெரியவர்கள் எடுத்துக்கொண்ட சாமான்.

தூளாக இருப்பவை யுத்தத்தில் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு வந்தது. எங்களுடைய ஆட்களுக்கு இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் எப்படியாவது வந்துவிடும். லா தூரின் சொந்த ஊரான சென் கான்தன் முதலாம் உலகப்போரில் ஜேர்மன் படையிடம் விழுந்தது. 1917 இல் ஊர்ச்சனத்தை எழுப்பி வெளியேற்றிவிட்டு, அங்கே இருந்த லா தூரின் பஸ்டல்களையும் ஜேர்மன்காரர் மொபேஷ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பழைய கடையைத் திருத்திக் காட்சிக்கு வைத்தார்கள். கடையின் பெயர் “பாவப்பட்ட பிசாசு” என்ற மாதிரி வரும். சனம் ஒரு பக்கம், சனத்தின் முகங்கள் இன்னொரு பக்கம். போர் முடிந்தபின் முகங்கள் திரும்பி வந்தன, ஊர்தான் உடைந்து கிடந்தது. டிரெஸ்டனின் கதை இன்னும் சோகம். ஔகுஸ்துஸ் வாங்கிக் குவித்த கரியேராவின் 157 பஸ்டல்களில் இன்று அங்கே எஞ்சியிருப்பது எழுபது சொச்சம். சில முன்பே விற்கப்பட்டன, சில இரண்டாம் உலகப்போரோடு காணாமற்போயின. அப்படியிருந்தும் உலகத்தில் அவருடைய படங்கள் கூடுதலாக இருக்கிற இடம் அதுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். 95 இடப்பெயர்வில் அம்மம்மாவின் கலியாணப் படத்தைக் கண்ணாடியும் சட்டமும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு சி.ஆர். கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோனதாக அவர் சொல்வார். போட்டோவுக்கு அது சரி. பஸ்டல் என்றால் கொப்பியை மூடினவுடனே அடுத்த பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை, ஒரு பொம்பிளை பதிந்திருப்பார்கள். “அப்ப உதைக் கீறிப்போட்டு எப்பிடிக் கொண்டு போறது?” என்று கேட்டா. அருங்காட்சியகங்களும் அதையேதான் கேட்கின்றன. பல இடங்கள் பஸ்டலை இரவல் கொடுப்பதே இல்லை, அதிர்வு பட்டால் தூள் கழரும் என்று. மறுபக்கம், 1895 இல் எட்வர்ட் முங்க் அட்டையில் பஸ்டலால் வரைந்த “அலறல்” 2012 இல் கிட்டத்தட்ட 12 கோடி டொலருக்கு ஏலம் போனது. சித்தப்பாவுக்கு இந்தத் தொகையை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

கேத்தில் படம் ஐந்தாவது தடவை கொஞ்சம் சரிவந்தது. இந்தமுறை சொரசொரப்பான பழுப்புக் கடதாசி, ரொசால்பாவின் வெள்ளை இழுப்பு, ஷார்டான் மாதிரிக் கலக்காமல் விட்ட நீலம். தூளை வாயால் ஊதக்கூடாது என்பதும் படித்துவிட்டேன். மூச்சோடு உள்ளே போகும், சில நிறத்தூள்கள் நல்லதில்லை. தாளை வெளியில் கொண்டுபோய்ப் பின்பக்கம் தட்டவேண்டும். சட்டம் போடக் கடைக்குக் கொண்டுபோனேன். சாமிப்படமும் கலியாணப் படமும் மாலை போட்ட படங்களுமாகச் சுவர் நிரம்பிய கடை. கொடுத்துவிட்டு வந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பிழை என்னுடையது. பின்னேரம் போனால் அந்த அண்ணா வழமைபோலக் கண்ணாடியை நேரே தாளில் வைத்து இறுக்கி ஆணி அடித்திருந்தார். கழற்றினோம். கேத்திலின் மினுக்கத்தில் அரைவாசி கண்ணாடியில்.

“இது என்ன பெயின்ற், ஒட்டவே இல்லையே?” என்று கேட்டார். வெனிஸிலிருந்து தொடங்கினால் கடை பூட்டும்வரை நிற்கவேண்டும் என்பதால், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில் காற்று இருக்கவேண்டும், ஒரு விரல் தடிப்புக்காவது, என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய மரச்சலாகை நாலு வெட்டி ஒட்டினார். அதற்குப் பின்னால் தாளை வைத்தார், முன்னால் புதுக்கண்ணாடி. பழைய கண்ணாடியைத் துடைக்கத் துணியை எடுத்தபோது நான்தான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அது இப்போது என் மேசையில், கடதாசி சுற்றியபடி இருக்கிறது.